லாக்கப்புக்கு எதிரே ஒரு நூலகம்

நாமிசு ஊரின் நூலகத்தைக் கட்டியவர் தேயிலை எஸ்டேட் துரைசானி ஒருவர். கணவர் இறந்ததும் அவர் நினைவாகக் கட்டி, ஊருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் கப்பலேறினார். கூடவே ஒரு நிபந்தனை போட்டார். அங்கே படிக்க ஆள் இருக்கும்வரை கட்டடம் ஊருடையது. இல்லாமல் போனால் எஸ்டேட்டுக்கே திரும்பிவிடும்.

மலாவிக்குச் சுதந்திரம் வந்த பிறகு ஒரு பெருமழையில் எங்கள் போலீஸ் ஸ்டேஷனின் சுவர் விழுந்தது. ஊரில் வேறு நல்ல கட்டடம் கிடையாது. மூன்று மாதத்துக்கு என்று சொல்லி நூலகத்துக்குள் குடிபோனோம். பதினோரு வருஷம் இருந்தோம்.

நான் அப்போது கான்ஸ்டபிள். நகராட்சி வக்கீல் ஒரு யோசனை சொன்னார்: ஒரு அலமாரியையும் நூலகரையும் வைத்துக்கொண்டால் சட்டப்படி அது நூலகம்தான். அதனால் நூலகர் டோரிகா நச்சுமா அம்மாவை வேலையை விட்டு அனுப்பவில்லை. புத்தகம் திருடு போகக்கூடாது என்று ஒரு அறைக்கு இரும்புக் கம்பி போட்டிருந்தார்கள். அதை லாக்கப் ஆக்கினோம். அம்மாவின் மேசை அதற்கு நேர் எதிரே வந்தது.

முதல் நாளே அவர் இன்ஸ்பெக்டர் முசோவோயாவிடம் பேசிவிட்டார்.

"இங்க சத்தமாப் பேசக்கூடாதுங்க."

"அம்மா, இது விசாரணை."

"நடத்துங்க. மெதுவா நடத்துங்க."

இன்ஸ்பெக்டர் மலாவியின் வடக்குப் பகுதிக்காரர், பாதிரியார் பள்ளியில் படித்தவர். நூலகரை எதிர்த்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை. அன்றிலிருந்து காதோரமாகத்தான் விசாரித்தோம். கைதிகள் முன்னைவிடச் சீக்கிரமாகவே குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். ஏன் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

ஊர்க்காரர்கள் மட்டும் வரவில்லை. புத்தகம் எடுக்க வேண்டுமென்றால் என் மேசையைத் தாண்டிப் போக வேண்டும். "என்ன விஷயமா வந்தீங்க?" என்று நான் கேட்பேன். கேட்பது என் வேலை. பெரும்பாலானவர்கள் விஷயம் ஒன்றுமில்லை என்று திரும்பிவிடுவார்கள். படித்ததெல்லாம் உள்ளே இருந்தவர்கள்தான். அம்மா கம்பி வழியாகப் புத்தகம் கொடுப்பார், கை கழுவியிருந்தால்.

ஆறாம் வருஷமோ ஏழாம் வருஷமோ, எஸ்டேட்டுக்குப் புதுத் துரை வந்தார். அந்தக் கட்டடத்தைக் குமாஸ்தாக்களின் குடியிருப்பாக்க அவருக்கு ஆசை. மறுநாள் பத்து மணிக்கு வந்து, யாராவது படிக்கிறார்களா என்று நேரில் பார்ப்பதாகச் சொல்லி அனுப்பினார்.

"கெனானி, சந்தைக்குப் போய்ப் படிக்கத் தெரிஞ்ச நாலு பேரைக் கூட்டிட்டு வா" என்றார் இன்ஸ்பெக்டர் என்னிடம்.

மறுநாள் காலை சீருடையோடு போனேன். "உனக்குப் படிக்கத் தெரியுமா?" என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. கிராமபோன் ரிப்பேர்க்காரன் கையில் இருந்த செய்தித்தாளைக் கீழே போட்டுவிட்டான். பள்ளிக்கூட வாத்தியாரையே பிடித்தேன்.

"எனக்கு எழுதத்தான் வரும் சார்" என்றார்.

தனியாகத் திரும்பி வந்தேன். லாக்கப்பில் ஒரே ஒரு ஆள், சைக்கிள் திருடன் ஃபிராக்சன் மத்தேயு. சைக்கிள்காரர் சமாதானமாகிப் புகாரைத் திரும்பப் பெற்றுவிட்டதால் அவனையும் அன்று காலையே விட வேண்டியிருந்தது. இன்ஸ்பெக்டர் சாவியோடு போய்க் கம்பி முன்னால் நின்றார். டோரிகா அம்மாவும் எழுந்து வந்தார். யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவர். இடுப்பில் சுற்றியிருந்த துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"ஃபிராக்சன், மத்தியானம் வரைக்கும் இருந்துட்டுப் போறியாப்பா?"

அவன் யோசித்தான்.

"சோறு உண்டா?"

"சோளக்களி. பீன்ஸ்" என்றேன்.

"பொடிமீனு?"

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். நான் என் தூக்குவாளியைப் பார்த்தேன். "உண்டு" என்றேன்.

துரை சரியாகப் பத்து மணிக்கு வந்தார். கூடத்தில் காலி நாற்காலிகளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். அம்மா லாக்கப் பக்கம் கை காட்டினார். ஃபிராக்சன் சுவரில் சாய்ந்து தடித்த புத்தகம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தான்.

"இவன் கைதி. இவனெல்லாம் வாசகன் ஆக முடியாது. தானா வந்தவனா இவன்?" என்றார் துரை. எங்கள் மொழி அவருக்கு நன்றாகவே வரும்.

"அவனையே கேளுங்க. மெதுவா" என்றார் அம்மா.

ஃபிராக்சன் விரலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தலை தூக்கினான்.

"இங்க வந்தது சைக்கிளால ஐயா. படிக்கிறது நானாத்தான்."

"கதவு பூட்டியிருக்கே."

இன்ஸ்பெக்டர் எட்டிக் கதவைத் தள்ளினார். அது திறந்துகொண்டது. ஃபிராக்சன் எழுந்திருக்கவில்லை.

"காத்து வருது, சாத்துங்க" என்றான்.

துரை ஏதோ பேச வாயெடுத்தார். அம்மா உதட்டில் விரல் வைத்தார். துரை போய்விட்டார். அம்மா தன் நாற்காலிக்குத் திரும்பி, ஒரு புத்தகத்தைத் திறந்து முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார். ரொம்ப நேரம் பக்கம் திருப்பவில்லை.

பிறகு அரசாங்கம் எங்களுக்குப் புது ஸ்டேஷன் கட்டிக் கொடுத்தது. நாங்கள் காலி செய்ததும் அம்மா தரையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மூட்டையில் கிடந்த புத்தகங்களையெல்லாம் அடுக்கி, கதவை அகலத் திறந்து வைத்தார். ஒருவரும் வரவில்லை. ஊர் எதிர்ச்சாரியிலேயே நடந்து போனது. பதினோரு வருஷம் அந்த வாசலைப் பார்த்துப் பயந்தவர்கள், பெயர்ப்பலகையை மாற்றியதும் பயத்தை விட்டுவிடுவார்களா? அம்மா சரியான நேரத்துக்கு வந்தார், காலி நாற்காலிகளைத் துடைத்தார், வீட்டுக்குப் போனார். துரைக்குச் செய்தி போக எத்தனை நாள் ஆகும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஒரு செவ்வாய்க்கிழமை நான் ரோந்தில் நூலக வாசலில் நின்றிருந்தபோது ஃபிராக்சன் வந்தான். சொந்தச் சைக்கிள் என்று சொன்னான். நான் எதுவும் கேட்கவில்லை. கை கழுவிவிட்டு உள்ளே போனான். எதிர்ச்சாரியில் தக்காளி விற்கும் எனிபே என்பவள் அதைப் பார்த்துவிட்டாள். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து வாசலுக்கு வெளியிலேயே நின்றாள். என்னைக் கேட்டாள்.

"மறுபடி பிடிச்சிட்டீங்களா அவனை?"

"இல்ல. புத்தகம் எடுக்க வந்திருக்கான்."

அவள் நம்பவில்லை. உள்ளே எட்டி அம்மாவையே கேட்டாள்.

"எவ்வளவு காலம்மா அவனுக்கு?"

"ரெண்டு வாரம்" என்றார் அம்மா. "அதுக்குள்ள திருப்பிக் கொடுத்துடணும்."

எனிபே நகரவில்லை. கொஞ்ச நேரத்தில் ஃபிராக்சன் கக்கத்தில் புத்தகத்தோடு வெளியே வந்து, சைக்கிளில் ஏறிப் போனான். போகிறவனைத் தெரு திரும்பும்வரை பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றினாள்.

"எனக்கு எழுத்து தெரியாது."

"படம் போட்டது இருக்கு. உக்காருங்க."

கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மீன்களைப் பற்றிய ஒரு பெரிய புத்தகத்தை மத்தியானம் வரை புரட்டினாள். வாடிக்கைக்காரர்கள் தக்காளி கேட்டு ஒவ்வொருவராக வாசலுக்கு வந்தார்கள். எழுந்து வர அவளுக்கு மனமில்லை. உள்ளே வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னாள்.