பந்தலைக் கண்டதும் இறங்கிவிட்டார்கள்

பொன்னையாக் கங்காணி ஒன்றை முடிவு பண்ணிவிட்டால் அப்புறம் அந்த மலையே வந்து சொன்னாலும் கேட்கமாட்டார். அக்கா மகன் அழகையாவின் கல்யாண ஊர்வலத்தை நமுனுகுலவிலிருந்து மடுல்சீமைப் பக்கம் கூட்டிக்கொண்டு போகும் பொறுப்பு அவர் தலையில் இருந்தது. ராத்திரி பசறையில் தங்கி, விடிந்ததும் சீர்த்தட்டுகளும் தப்புக்காரர்களுமாக மலை ஏறிக்கொண்டிருந்தார்கள். பெண் ரெட்டைப்பாறைத் தேயிலைத் தோட்டத்தில். உச்சிப்பொழுதுக்குள் தாலி கட்டியாக வேண்டும்.

பெண்ணின் அப்பா மூக்கன் அதைக் கறாராகவே சொல்லியிருந்தார். "நேரம் தவறுச்சுன்னா எந் தங்கச்சி மகன் மணையில உக்காந்துருவான். வேட்டியத் தொவச்சு வச்சிக்கிட்டுத்தான் இருக்கான்."

பரிசத்தன்று பார்த்ததிலிருந்து அழகையாவுக்கு அந்தப் பெண் செவனம்மா மேல் உயிர். அவள் இல்லாவிட்டால் அவன் என்ன ஆவானோ என்று பயந்துகொண்டே நடந்தாள் அவன் அக்கா கருப்பம்மா. தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள் அவள். ஆனால் அவள் நடந்தது ஊர்வலத்தின் கடைசியில். தாலியறுத்தவள் மாப்பிள்ளைக்கு முன்னால் போகக்கூடாது, எதிரே வரவே கூடாது. கூத்தைப் பாருங்கள், அந்தக் கூட்டத்தில் ரெட்டைப்பாறையைக் கண்ணால் பார்த்த ஒரே ஆள் அவள்தான்! வாழ்க்கைப்பட்டுப் போனதும் அங்கேதான், காய்ச்சலுக்குப் புருஷனைப் பறிகொடுத்ததும் அங்கேதான். பரிசம் போட்டது பசறைக் கோயிலில் என்பதால் மற்ற யாரும் அந்தத் தோட்டத்தை மிதித்ததில்லை.

மூக்கன் வழி சொல்லித்தான் இருந்தார். மலை இடுக்கைத் தாண்டினால் கீழே தேயிலை அரைக்கிற ஸ்டோர் தெரியும், பக்கத்தில் ஆறு, கூலிக்காரர்கள் குடியிருக்கிற லயத்துக்கு முன்னால் பந்தல், நேரே இறங்கி வந்துவிடுங்கள் என்று. இடுக்கைத் தாண்டும்போது பனிமூட்டத்தில் பக்கத்து ஆள்கூடத் தெரியவில்லை. பொன்னையா ஒரு பாதையில் திரும்பினார், எல்லாரும் திரும்பினார்கள். கொஞ்ச தூரம் போனதும் பனி விலகியது. கீழே ஸ்டோர், ஆறு, லயம், பந்தல். மேளச் சத்தம்கூடக் கேட்டது.

"அந்தா தெரியுதுடா பந்தல்! அடிங்கடா தப்ப!" என்று கத்தினார் பொன்னையா.

ஊவா மலைநாட்டில் எந்தத் தோட்டத்தில்தான் ஸ்டோரும் ஆறும் லயமும் இல்லை? முகூர்த்த நாளில் பந்தலுக்குத்தான் பஞ்சமா? ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வந்தாரோ அதைப் பார்த்துவிட்டார் மனிதர். அதற்கு மேல் அவர் கண்ணுக்கு வேலை இல்லை.

கருப்பம்மா கடைசியிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஸ்டோர்க் கூரை சிவப்பாக இருந்தது. ரெட்டைப்பாறையில் அது வெள்ளைத் தகரம். முன்னால் போன பெண்ணிடம் சொன்னாள். அது வாய் மாறி வாய் மாறி முன்னே போய், பதில் அதே வழியில் திரும்பி வந்தது.

"கல்யாணத்துக்குன்னு தொர சாயம் அடிச்சிருப்பாராம்."

அடப்பாவி மனுசா! கூலிக்காரன் மகள் கல்யாணத்துக்குத் தோட்டத்துத் துரை கூரைக்குச் சாயம் அடிப்பாரா?

"ஆறு எறங்கறப்ப வலது கைப் பக்கமா இருக்கணும்னு சொல்லு. இங்க இடது பக்கம் ஓடுது."

இந்த முறை பதில் சூடாக வந்தது. "போன மழையில எடம் மாறியிருக்குமாம். கடைசியில வாரவ வாயப் பொத்திக்கிட்டு வரணுமாம்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒருவேளை நான்தான் மறந்துவிட்டேனோ, அழுத கண்ணோடு பார்த்த ஊர்தானே என்றுகூடத் தோன்றியது. அதற்குள் கீழேயிருந்து பெண்கள் ஆரத்தித் தட்டோடு ஏறி வர ஆரம்பித்துவிட்டார்கள். ஆரத்தி சுற்றிவிட்டால் மாப்பிள்ளை அந்தப் பந்தலுக்கு வந்தவன். அப்புறம் திரும்பினால் அபசகுனம் என்று பொன்னையா அங்கேயே உட்கார்ந்து வழக்குப் பேசுவார், உச்சி தாண்டிவிடும். துவைத்து வைத்த வேட்டி அங்கே மணையேறிவிடும்.

கருப்பம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தேயிலைச் செடிகளுக்குள் புகுந்து ஓடினாள். முள்ளும் குச்சியும் காலைக் கிழித்தன. ஊர்வலத்தைச் சுற்றி வந்து, தம்பிக்கு நேர் எதிரே, பாதையை மறித்து நின்றாள்.

தப்புச் சத்தம் நின்றுபோனது. யாரோ "ஐயோ!" என்றார்கள்.

"கெடுத்தியேடி பாவி!" என்று கையை ஓங்கிக்கொண்டு வந்தார் பொன்னையா.

"அடிங்க மாமா, அப்புறமா அடிங்க. இது ரெட்டைப்பாற இல்ல!"

ஆரத்தித் தட்டு வைத்திருந்தவள் திகைத்தாள். "ஆமாங்க, இது ஊத்துமலைத் தோட்டம். எங்க மாப்பிள்ள லுணுகலையிலருந்து வாராரு. நீங்க யாருங்க?"

பொன்னையாவின் ஓங்கிய கை அப்படியே தலைப்பாகைக்குப் போய் அதைச் சரிசெய்தது. ஊத்துமலைக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்புறம் விசயம் தெரிந்ததும் பதறிப்போய், ஆளுக்கொரு சீர்த்தட்டைத் தலையில் வாங்கிக்கொண்டு, "இந்த மலைக்கு அந்தப் பக்கந்தான், குறுக்கால ஏறுங்க" என்று கூடவே ஏறினார்கள்.

கருப்பம்மா கடைசிக்கு நகர்ந்தாள். அழகையா அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"எங்க போற? முன்னால நட. ஒனக்குத்தானே தெரியும்."

"தம்பி, வேணாண்டா. ஒனக்கு நல்லதில்ல."

"நீ பின்னால வந்தப்ப நடந்த நல்லதத்தான் பாத்தமே!"

பொன்னையா தொண்டையைச் செருமினார். வழியை விட்டு ஒதுங்கிக்கொண்டார். அவர் வாழ்நாளில் அது பெரிய விசயம்.

அவள் முன்னால் நடந்தாள். இல்லை, ஓடினாள். மேட்டில் ஏறியதும் கீழே வெள்ளைத் தகரம் மின்னியது, வலது கைப் பக்கம் ஆறு. நிழல் காலடிக்குச் சுருங்கிக்கொண்டிருந்தது. பந்தலில் ஒரு பையன் குளித்துவிட்டு வந்து, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டிருந்தான். ஊர்வலத்தைக் கண்டதும் அவன் முகம் தொங்கிப்போனது, பாவம்.

செவனம்மாவின் அம்மா ஆரத்தித் தட்டோடு ஓடி வந்தாள். முன்னால் வெறும் கழுத்தோடு ஒருத்தி வருவதைக் கண்டு அப்படியே நின்றாள். கருப்பம்மா சட்டென்று தேயிலை ஓரமாக ஒதுங்கினாள். அழகையாவும் அவளோடு சேர்ந்து ஒதுங்கி நின்றான். நகரவே இல்லை.

"என்னா மாப்பிள்ள, அங்க நிக்கறீங்க? நேரம் போகுது!" என்று மூக்கன் கத்தினார்.

"எங்கக்காதான் என்னைய இங்க கொண்டாந்து சேத்துச்சு. அது ஒதுங்குன எடத்துலதான் நானும் நிப்பேன்."

செவனம்மாவின் அம்மா ஒரு தடவை வானத்தைப் பார்த்தாள், ஒரு தடவை கருப்பம்மாவின் இரத்தம் வழியும் காலைப் பார்த்தாள்.

"அடியே, நம்ம லயத்துக் கருப்பம்மாவா நீயி? வா, வா, கிட்ட வாடி!" என்று அவளை இழுத்துத் தம்பி பக்கத்தில் நிறுத்தி, இருவருக்கும் சேர்த்து ஆரத்தி சுற்றினாள். சிவந்த தண்ணீரை விரலால் தொட்டு மாப்பிள்ளை நெற்றியில் வைத்தாள். அதே விரலால் கருப்பம்மா நெற்றியிலும் வைத்தாள்.

மேளம் முழங்கியது. கருப்பம்மாவின் கை நெற்றி வரைக்கும் போய், அதைத் துடைக்காமல் கீழே இறங்கியது.