எழுதி வந்த அளவு

“இது யாருக்குக்கா? இடது தோள் அரை இஞ்ச் இறங்கியிருக்கே.”

“யாரா இருந்தா உனக்கென்னடி? தை.”

“இல்ல, ஆள் எப்படி இருப்பாரு?”

“ரெண்டு கை, ரெண்டு கால், ஒரு தலை. தலைக்கு நாம தைக்கறதில்ல, விடு.”

பதினொரு வருஷத்துக்கு முன்னால் பேசியது. இப்போது அக்கா, தையல் கடையில் தான் அளவெடுக்கும் முன்னறையிலேயே கிடத்தப்பட்டிருந்தாள். தங்கை குனிந்து, அவளுக்குப் போட்டிருந்த நீலக் கவுனின் இடுப்பை மடித்துப் பின்புறமாக ஊசி குத்திக்கொண்டிருந்தாள். கவுன் தொளதொளவென்றிருந்தது. நேற்று மத்தியானம் உயிர் போனது. இன்று விடிந்ததும் மிஷினில் உட்கார்ந்து தைத்த கவுன். நாலு மாதமாக இளைத்துக்கொண்டே வந்த அந்த உடம்பைத் துடைத்துவிட்டவள் தங்கைதான். ஆனாலும் கத்திரி கைக்கு வந்ததும், நோட்டில் அக்கா தன் அளவென்று எப்போதோ எழுதிவைத்த எண்களைத்தான் நம்பினாள். அப்படித்தான் பழக்கம். அளவு முன்னறையிலிருந்து எழுதி வரும். அவள் பின்னறையில் தைப்பாள்.

ஆட்களைக் கண்டால் அவளுக்கு வாய் கட்டிக்கொள்ளும். ஆனால் அவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ளும் ஆசை மட்டும் அடங்காது. அக்காவுக்குத் தெரியாமல் முதலில் தெருமுனை பட்டன் கடை வரை போனாள். பிறகு பஸ் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்து, தான் தைத்த சட்டைகள் யார் மேல் ஏறிப் போகின்றன என்று பார்த்தாள். அக்கா ஆஸ்பத்திரியில் இருந்தபோது இரண்டு பஸ் மாறித் தனியாகவே போய்வந்தாள். ஒருநாள் வேண்டுமென்றே ஒரு நிறுத்தம் முன்னால் இறங்கி, தெரியாத தெரு ஒன்றில் நடந்து பார்த்தாள்.

அக்காவிடம் கேட்க அவளிடம் ஒன்று இருந்தது. மிஷின் சத்தத்தில் தனக்குள் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்திருக்கிறாள். கேட்டால், தன்னை ஒதுக்கிவிடுகிறாள் என்று அக்கா நினைத்துவிடுவாளோ என்று விழுங்கிவிடுவாள்.

பன்னிரண்டு மணிக்கு வண்டி வரும் என்று அண்ணன் வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். சாயங்காலமே கடையைப் பூட்டிவிட்டு இவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விடப் போகிறாராம். மாடியில் காற்றோட்டமான அறை இருக்கிறது, யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். அன்பாகத்தான் சொன்னார். அவளுக்கு அந்த அறையின் மூடிய கதவு இங்கிருந்தே தெரிந்தது.

வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். முகம் பார்க்க முடியவில்லை. சட்டைகளை வைத்தே ஆட்களை அடையாளம் கண்டாள். நாற்பத்திரண்டு மார்பு, குட்டைக் கை. கழுத்து இறுக்கமாகக் கேட்கும் டீச்சர். அப்புறம், இடது தோள் இறங்கியவர். தபால்காரர். பை மாட்டி மாட்டி இறங்கிய தோள். இத்தனை வருஷமாக அவரைத் தோளைச் சாய்த்து நடக்கும் ஒரு திமிர் பிடித்த ஆளாக நினைத்துவைத்திருந்தாள்.

“நீங்க யாரும்மா?” என்று அவர் அவளிடம் கேட்டார்.

“தங்கச்சி,” என்றார் அண்ணன். “தைக்கறதெல்லாம் இவதான். பேச மாட்டா.”

தபால்காரர் தன் சட்டைத் தோளை ஒருமுறை குனிந்து பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

அவள் கடைசி ஊசியைக் குத்தி முடித்து நிமிர்ந்தாள்.

“கடையைப் பூட்ட வேண்டாம், அண்ணா.”

எல்லோரும் திரும்பினார்கள். மீதியை அக்காவின் முகத்தைப் பார்த்துத்தான் அவளால் சொல்ல முடிந்தது.

“இனிமே வர்றவங்களுக்கு நானே அளவெடுக்கட்டுமாக்கா?”