இங்கயா, வெளியவா

அப்பா ததேயுஸ் இறந்து பதினாறு மணி நேரம் இருபது நிமிடம் ஆகியிருந்தபோது, ரெஜிஷா அவர் காலில் சாக்ஸ் மாட்டிக்கொண்டிருந்தாள். பாதம் விறைத்திருந்ததால் துணி குதிகாலைத் தாண்டவில்லை. மூன்றாவது முறை தாண்டியது.

"ஏட்டி, என்னத்த மாட்டி வச்சிருக்க?" அம்மா செசிலி அழுகையை நிறுத்திக் கேட்டாள். "ஒண்ணு பச்ச, ஒண்ணு காப்பி கலரு."

"தகப்பன் போன துக்கத்துல நிக்கா. அவளுக்கு இப்ப அதெல்லாமா தெரியும்?" என்றாள் யாரோ ஒருத்தி.

ரெஜிஷா இரண்டு கால்களையும் பார்த்தாள். ஒரே நிறமாகத்தான் இருந்தன. நிமிர்ந்தபோது கதவோரம் நின்ற மரியஜான் சித்தப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சின்னமுட்டம் மீன்பிடித் துறைமுகத்தில் அப்பா போட் ஓட்டிய முப்பது வருடமும் கூடவே போனவர்.

அவள் எழுந்து வெளியே போனாள். உட்கார முடியவில்லை. பந்தலில் ஆன்ட்ரூஸ் மாமா பேசிக்கொண்டிருந்தார். அம்மாவின் தம்பி. மஸ்கட் விமான நிலையத்தில் வேலை. காலையில்தான் வந்து இறங்கினார்.

"தென்னாப்பிரிக்கான்னா பத்து மாசத்துல பைலட் லைசன்ஸ் கையில. இங்கன்னா விமானத்துக்கு வரிசையில நிக்கணும். மழைன்னா பறக்க விடமாட்டானுவ. மூணு வருசம் போயிரும்."

"நீ அங்க பெட்டி தூக்குதவன்தானலே," என்றார் பின்னாலேயே வந்த மரியஜான்.

"தூக்கினாலும் விமானத்துலதான தூக்குதேன்." மாமா ரெஜிஷா பக்கம் திரும்பினார். "மக்கா, சாயங்காலத்துக்குள்ள சொல்லணும். இல்லேன்னா சீட்ட வேற ஆளுக்குக் குடுத்துருவானுவ. உனக்க அம்மை இங்கயே படிக்கட்டும்னு நிக்கா. நீ என்ன சொல்லுத?"

"சொல்லுதேன் மாமா."

நேற்றும் இதையேதான் சொன்னாள். துறைமுகத்திலிருந்து வந்த அப்பா செருப்பைக் கழற்றியபடி, "இங்கயா, வெளியவா மக்கா?" என்று கேட்டார். நாளைக்குச் சொல்லுதேன் என்று தேநீர் போடப் போனாள். கொண்டுவந்தபோது அவர் நாற்காலியில் தலை சாய்ந்திருந்தார்.

அவள் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். போனைத் திறந்தாள், மூடினாள். மறுபடி திறந்தாள். மரியஜான் தண்ணீர்த் தொட்டியருகே வந்து நின்றார்.

"திருவனந்தபுரத்துல மெடிக்கல் எடுத்தியே. என்ன சொன்னாவ?"

அறிக்கை வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. நிறப்பார்வை: தகுதியில்லை. யாரிடமும் அவள் சொல்லவில்லை. வெளிநாட்டில் லைசன்ஸ் வாங்கினாலும் இங்கே மாற்ற இதே மெடிக்கல்தான் வேண்டும். எந்த வழியில் போனாலும் வந்து நிற்கும் கதவு ஒன்றுதான்.

"புள்ளி புள்ளியாட்டு ஒரு புஸ்தகம் காட்டினாவ. அதுல நம்பர் ஒண்ணும் தெரியல சித்தப்பா."

அவர் தொட்டிக் குழாயை இறுக்கி மூடினார்.

"பொம்பளப் பிள்ளைக்கு இது வரணும்னா அப்பாவுக்கும் இருக்கணும். காலேஜ்ல படிச்சிருக்கேன். அப்பாவுக்கு இருந்துதா?"

"அவன் இன்னைக்குப் பெட்டியில கெடக்கான் மக்கா." குரலைத் தாழ்த்தினார். "இத ஆர்ட்டயும் பேசாத. லைட்டுக்க நிறம் தெரியாதவன்ட்டயா இத்தன நாளும் உசிரக் குடுத்தோம்னு துறைமுகத்துல கேப்பானுவ. மரியாதையா போட்டும் அவன்."

இருந்தது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அடக்க ஜெபத்துக்குப் பங்குச் சாமியார் வர அரைமணி நேரம் இருந்தபோது ஆன்ட்ரூஸ் மாமா போனைக் காதில் வைத்தபடி பெட்டியருகே வந்தார். "சீட்டு தாறவன் லைன்ல நிக்கான். ஒரு வார்த்த சொல்லு. இங்கயா, வெளியவா?"

அம்மா தலைதூக்கினாள். வாசலில் போட்காரர்கள் இருபது பேர் நின்றார்கள்.

"ரெண்டும் இல்ல மாமா," என்றாள் ரெஜிஷா. மறுபடி சொன்னாள். "ரெண்டும் இல்ல. எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாது. மெடிக்கல்ல தள்ளிட்டாவ."

மாமா போனைக் காதிலிருந்து எடுத்தார். "அது எப்படி? நம்ம குடும்பத்துல ஆருக்கும் இல்லியே. பாத்தவன் ஒழுங்கா பாத்தானா?"

அம்மா பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அப்போ எனக்க வயித்துல வந்த குறையாட்டி இது?"

ரெஜிஷா வாயைத் திறந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

"ஆமான்னு சொல்லேன்ட்டி," என்றாள் அம்மா. "நான்தான் பிள்ளைக்குக் குறைய குடுத்தேன்னு சொல்லு."

மரியஜான் வாசலைத் திரும்பிப் பார்த்தார். அங்கே பேச்சு நின்றிருந்தது. அவர் உள்ளே வந்து பெட்டியின் தலைமாட்டில் நின்றார்.

"ததேயுஸுக்கு உண்டு, செசிலி," என்றார். "கடல்ல எதுத்தாப்புல வேற போட்டுக்க லைட்டு வந்தா, சிவப்புன்னா அவனுக்க எடத்தோள்ல தட்டுவேன். பச்சன்னா வலத்தோள்ல."