கயிற்றுக்கு அந்தப் பக்கம்

முதல் விசிலுக்காகக் குக்கர் புஸ் புஸ் என்று தம் கட்டத் தொடங்கியதுமே ஷியாமளா ஓடிவந்து அடுப்பை அணைத்தாள்.

"அப்பாடா! நல்ல வேளை. விசில் மட்டும் அடிச்சிருந்தா பக்கத்து வீட்டு நஸீராக்கா காதுல விழுந்திருக்கும். அவ்வளவுதான், நம்ம கதை கந்தல்!"

"அரிசிய பாத்திரத்துல வடிச்சிடு. இன்னும் கொஞ்ச நாள்தானே," என்றான் உமாபதி, ரகசியக் குரலில்.

ஷார்ஜா அல் நஹ்தாவில், ஏழாவது மாடியில், பட்டப்பகலில் திரைச்சீலைகளை இழுத்து மூடிக்கொண்டு, அந்தக் குடும்பம் தன் சொந்த வீட்டிலேயே திருடர்களைப் போல ஒளிந்திருந்தது. காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஊர் உலகத்தைப் பொறுத்தவரை அவர்கள் மூவரும் அப்போது குரோஷியாவில் இருந்தார்கள்!

பொங்கல் விழாவின்போதே தமிழ்ச் சங்கத்துப் பெண்களிடம் ஷியாமளா சொல்லிவிட்டாள். "இந்த பெருநாள் லீவுக்கு நாங்க ஊருக்குப் போகல. மத்தியதரைக் கடல் பக்கம் போறோம். தீவு தீவா சுத்தப்போறோம்." அன்று முதல் அவளுக்கு அதே வேலை. கடல்வரை இறங்கி வரும் பைன் காடுகள், தீவுக்கு நடுவே ஏரி இருக்கும் தேசியப் பூங்கா என்று போனில் படம் படமாகப் பார்த்து வைத்தாள். மஞ்சள் நிறத்தில் முறம் அகலத்துக்கு ஒரு தொப்பிகூட வாங்கியாகிவிட்டது. பெருநாளுக்கு முந்தின வாரம் பாஸ்போர்ட்கள் திரும்பி வந்தன. விசா இல்லை.

இதில் என்ன கேவலம் இருக்கிறது? வளைகுடாவில் விசா மறுக்கப்படாத தமிழன் எத்தனை பேர்? "கிடைக்கலப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் ஜெபல் அலியில் பெரிய சரக்குக் கம்பெனியில் மேனேஜராக இருக்கும் உமாபதிக்கு அந்த ஒரு வார்த்தை தொண்டையைத் தாண்டவில்லை. "நாலு போட்டோ போட்டா முடிஞ்சுது. யாரு வந்து பாக்கப்போறாங்க?" என்றான்.

அப்படித்தான் ஆரம்பித்தது. போன்களை ஃபிளைட் மோடில் போட்டு, வைஃபையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். இங்கேயே இருப்பவனுக்கு அடித்தால் ரிங் எப்படிக் கேட்கும், வெளிநாடு போனவனுக்கு அடித்தால் எப்படிக் கேட்கும் என்பது இங்குள்ள குழந்தைக்குக்கூடத் தெரியும் அல்லவா?

பெருநாள் காலையில், விடிந்தும் விடியாமலும், தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகக் காரில் ஏறினார்கள். வடக்கே கடலோரத்தில் ஓர் இயற்கைப் பூங்கா. கரையிலிருந்து மரப்பாலத்தில் நடந்தால் சின்னத் தீவு. வெள்ளை மணல், பச்சையும் நீலமுமாகத் தண்ணீர். அலையாத்திக் காடு படத்தில் விழாமல் எடுத்துவிட்டால் குரோஷியா என்று சொன்னால் நம்பத்தான் செய்வார்கள். ஆனால் பெருநாள் கூட்டம் அதற்குள் பாயும் பந்துமாக வந்து இறங்கியிருந்தது. ஆளே இல்லாத இடம் ஒன்றுதான். தீவின் கடைசி முனை. அதற்குக் குறுக்கே ஒரு நீலக் கயிறு. கயிற்றின் ஓரம், ஓலைப் பந்தலின் கீழ், பச்சைச் சட்டை போட்ட காவல்காரர் ஒருவர்.

அவர் பெயர் அம்மையப்பன். பல வருஷம் கட்டட வேலையில் வெயிலில் கம்பி கட்டியவர். இரண்டு தடவை சைட்டிலேயே மயங்கி விழுந்தார். சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருக்கிறது, இனி வெயிலில் நிற்காதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊருக்கு மூட்டை கட்ட இருந்தவருக்கு, ரூமில் பக்கத்துக் கட்டில்காரன் தியாகுதான் அலைந்து திரிந்து இந்த வேலையைப் பிடித்துக் கொடுத்தான். 'நிழல் டூட்டி' என்று அம்மையப்பன் அதற்குப் பெயர் வைத்திருந்தார். மகள் விஜிக்கு நர்சிங்கில் இது கடைசி வருஷம். அவள் படிப்பை முடிக்கும்வரை இந்த நிழல் போய்விடக்கூடாது. அவருடைய ஆசை அவ்வளவுதான்.

"சார், அந்தப் பக்கம் போவக்கூடாது. பறவைங்க முட்ட வச்சிருக்கு," என்றார்.

"ஐ, தமிழா! அண்ணே, நீங்க எந்த ஊரு?" என்று கேட்டாள் ஷியாமளா.

"அரியலூர் பக்கம்மா. செந்துறை."

"அட கடவுளே! இவங்க அம்மா ஊரே அரியலூர்தாண்ணே! ஏங்க, கேட்டீங்களா, நம்ம ஊரு!"

இந்த 'எந்த ஊரு?' இருக்கிறதே, இதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். விமான நிலையத்தில் பெட்டி எடை போடுகிறவரிடம், ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிறவரிடம், எங்கே போனாலும் நம்மவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். சில நேரம் அது பாசம். பல நேரம் பூட்டை நெம்பும் கடப்பாரை. எதிரில் இருப்பவன் ஊர்ப்பெயரைச் சொன்ன மறு நிமிஷமே, "நம்ம ஆளுதானே, கொஞ்சம் பாத்து விடுங்க" என்று ஆரம்பித்துவிடுவோம்.

"அஞ்சே நிமிஷம்ணே. ஒரே ஒரு போட்டோ."

"வேணாம்மா. மேல கேமரா இருக்கு. முன்னாடி இருந்தவன் காசு வாங்கிட்டு ஆளு விட்டான்னு தூக்கிட்டாங்க. சூப்பர்வைசர் பாத்தா என் சோலி கலாஸ்."

"ஏதாவது ஒண்ணுன்னா நாங்க இல்லையாண்ணே? இந்தாங்க, இவங்க நம்பர போட்டுக்கங்க. நாங்க வந்து பேசுறோம்," என்றாள் ஷியாமளா. சொல்லிக்கொண்டே பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து அவர் கையில் வைத்தாள். "புளியோதரை. வீட்டுல செஞ்சது. சாப்பிடுங்க."

மூடியைத் திறக்கும் முன்பே நல்லெண்ணெய் மணம் வந்தது. தொழிலாளர் கேம்ப் சாப்பாட்டில் நாக்கு மரத்துப்போன மனிதர் அவர். ஒரு பெண் வாயால் 'அண்ணே' என்று கேட்டும் வெகுகாலம் ஆகியிருந்தது. பாவி மனிதர், இளகிவிட்டார். கயிற்றைத் தூக்கிப் பிடித்தார்.

அவர்கள் கால் வைத்ததும் முனை முழுவதும் வெள்ளை வெள்ளையாக எழும்பியது. நூற்றுக்கணக்கான ஆலாப் பறவைகள். கூடு என்று ஒன்றும் கிடையாது; வெறும் மணலில், புள்ளி போட்ட முட்டைகள். தாய்ப்பறவைகள் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தின.

"மாம், இங்கல்லாம் எக்ஸ் இருக்கு! பாத்து!" என்று அலறினாள் தாரிணி. பத்தாவது படிக்கும் பெண்.

"ஓரமா நில்லுடி. பறவை பின்னாடி பறக்குறது சூப்பரா விழுது!"

ஐந்து நிமிஷம் என்றது எப்போது ஐந்து நிமிஷமாக இருந்திருக்கிறது? தொப்பி முகத்தில் நிழல் போட்டது, மறுபடி எடுத்தார்கள். காற்றில் தொப்பி பறந்தது, மறுபடி. தூரத்தில் ஒரு சிவப்புச் சட்டைக்காரன் படத்தில் விழுந்துவிட்டான், மறுபடி. "போதும்மா, வந்துடுங்க, யல்லா!" என்று அம்மையப்பன் கயிற்றருகே தவித்துக்கொண்டிருந்தார். வெயில் ஏறிவிட்டது. இவர்கள் அங்கே நிற்கும்வரை ஒரு பறவையும் கீழே இறங்கவில்லை. ஜூன் மாதத்து மணல் என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும். முட்டைகள் கிடந்த இடத்திலேயே வெந்துகொண்டிருந்தன.

அன்று மாலை சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் படங்கள் ஏறின. 'தீவுகளின் தேசத்தில் நாங்கள்!' இதயங்களும் கைதட்டல்களும் குவிந்தன. "மாஷா அல்லாஹ், கொடுத்து வைத்தவர்கள்," என்று எழுதியிருந்தார் சங்கத்துப் பெரியவர் செய்கு அலாவுதீன். ஷியாமளா அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். மனசு குளிர்ந்துபோயிற்று.

மறுநாள் உமாபதியின் போனில் ஒரு குரல் செய்தி வந்து விழுந்தது.

"சார், வணக்கங்க. நான் கயித்துக்கிட்ட நின்ன அம்மையப்பன். போன் போட்டேன், சுவிட்ச் ஆஃப்னு வருதுங்க. அங்க முட்ட பூரா கெட்டுப்போச்சாம் சார். கேமராவுல பாத்துட்டாங்க. நான் காசு வாங்கிட்டு விட்டேன்னு சொல்றாங்க. சத்தியமா நான் கை நீட்டலங்கிறது உங்களுக்கே தெரியும். விட்டது தப்புதான் சார், அதுக்கு என்ன தண்டன வேணாலும் குடுக்கட்டும். திருட்டுப்பட்டம் வேணாம். ஒரே ஒரு தடவ வந்து, காசு குடுக்கலன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க. ஆபீஸ்ல செய்கு அலாவுதீன் சாருன்னு நம்ம தமிழாளு இருக்காரு. நல்ல மனுஷன். நீங்க சொன்னா கேப்பாருங்க."

செய்கு அலாவுதீன் என்ற பெயர் வந்த இடத்தை உமாபதி மறுபடி போட்டுக் கேட்டான். அவர் ஏதோ பூங்காவில் அதிகாரி என்று கேள்விப்பட்டிருந்தான். அது இந்தப் பூங்காவாகவா இருக்க வேண்டும்?

"அப்பா, இப்பவே போங்க. ப்ளீஸ்," என்றாள் தாரிணி.

"எப்படிடி போறது?" என்று ஷியாமளா பாய்ந்தாள். "அவர் முன்னாடி போய் நின்னா நாம இங்கதான் இருக்கோம்னு தெரிஞ்சிடாதா? சங்கமே சிரிக்கும். அப்புறம் நான் வெளிய தலை காட்ட முடியுமா?"

"அந்த அங்கிளுக்கு வேலை போயிடும்மா!"

"அதெல்லாம் உடனே தூக்க மாட்டாங்க," என்றான் உமாபதி, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதைப் போல. "சனிக்கிழமை நாம வந்துட்டதா காட்டிக்குவோம். அடுத்த நாளே போய்ப் பேசிடுறேன்."

தாரிணி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

அதே நேரம், தொழிலாளர் கேம்ப்பில், அம்மையப்பன் கட்டிலில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரை டூட்டியிலிருந்து நிறுத்தியாகிவிட்டது.

"தியாகு, நீல டிக் விழுந்துடுச்சுடா! கேட்டுட்டாங்க. வந்துடுவாங்க."

"வரமாட்டாங்கண்ணே. அவங்க நம்பர ஆபீஸ்ல குடுத்துத் தொலைங்க. அவங்களே புடிச்சுக்கிட்டு வருவாங்க."

"சேச்சே. வயசுப்புள்ள இருக்குற குடும்பம். போலீசு, ஃபைனுன்னு இழுத்து விடச் சொல்றியா? அந்தம்மா என்னைய அண்ணேன்னு வாய் நெறயக் கூப்ட்டுச்சுடா. அவங்களா வருவாங்க."

இரண்டாவது செய்தி வந்தது. "சார், இன்னைக்கு வருவீங்களா?" அவ்வளவுதான். மூன்றாவதில் பேச்சே இல்லை. மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. உமாபதி அதையும் கேட்டான். பதிலுக்கு ஏதோ எழுதினான். அழித்தான். மறுபடி எழுதினான். அழித்தான்.

சனிக்கிழமை வந்தது. காலிப் பெட்டிகளைக் காரில் ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, லிஃப்டில் தடதடவென்று உருட்டிக்கொண்டு வந்து இறங்கினார்கள். நஸீராக்கா கதவைத் திறந்து, "எப்படிம்மா இருந்துச்சு?" என்றாள். "ஐயோ, சொர்க்கம்க்கா!" என்று துபாயில் தேரா கடைவீதியில் வாங்கிய சாக்லேட்டை அவள் கையில் கொடுத்தாள் ஷியாமளா. தாரிணி யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போனாள்.

மறுநாள் உமாபதி பூங்கா அலுவலகத்துக்குப் போனான். செய்கு அலாவுதீன் எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"வாங்க வாங்க, உமாபதி! குரோஷியாலேருந்து எப்ப வந்தீங்க?"

"நேத்துதான்," என்றது உமாபதியின் வாய். பழகிய பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது!

"உக்காருங்க. என்ன விஷயம்?"

"இங்க... அம்மையப்பன்னு ஒருத்தர்..."

அவர் முகம் வாடியது. "அவனைத் தெரியுமா உங்களுக்கு? நேத்து மத்தியான ஃப்ளைட்ல அனுப்பிட்டாங்க. விசா கேன்சல். லஞ்சம் வாங்கினான்னு எழுதிட்டாங்க, இனி இந்த நாட்டுப் பக்கமே வர முடியாது. கேமராவுல யாரோ ஒரு குடும்பம், முகம் தெரியல. காசு வாங்கலன்னு அழுதான். அப்ப சாட்சிக்கு அவங்க நம்பரக் குடுடான்னேன். மாட்டேன்னுட்டான். அவங்களா வருவாங்க சார், அவங்களா வருவாங்கன்னு ஏர்போர்ட் வண்டியில ஏறுற வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு நின்னான். மனுஷங்களா அவங்கல்லாம்?"

உமாபதி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அந்தக் குடும்பம் நாங்கதான் சார். நாங்க குரோஷியா போகல. விசா கிடைக்கல. அவர் ஒரு பைசா வாங்கல. புளியோதரைதான் குடுத்தோம்."

செய்கு அலாவுதீன் அவனையே பார்த்தார். பிறகு மெல்லத் தன் போனை எடுத்து அந்தப் படத்தைத் திறந்தார். முறம் போன்ற மஞ்சள் தொப்பி. பின்னால், வானம் நிறையப் பறவைகள். கீழே, அவரே எழுதிய வாழ்த்து.

"ஒரு போன் போட்டிருந்தாக்கூடப் போதுமே, உமாபதி. நானே அவனை நிறுத்தி வச்சிருப்பேனே."

"இப்ப ஏதாவது... நான் எழுதிக் குடுக்கிறேன் சார். யார்கிட்ட வேணாலும் வந்து சொல்றேன்."

"சொல்லுங்க. சொல்லத்தான் வேணும். ஆனா முத்திரை குத்தியாச்சு. எனக்குத் தெரிஞ்சு அது மாறினதில்ல."

உமாபதி அம்மையப்பனின் எண்ணை அழுத்தினான். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று அரபியிலும் ஆங்கிலத்திலும் ஒரு பெண் குரல் சொன்னது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியும் ஒற்றை டிக்கோடு நின்றுவிட்டது. செந்துறையில் எந்தத் தெரு, எந்த வீடு, எதுவும் அவனுக்குத் தெரியாது. ஊரைக் கேட்டவர்கள் வேறு எதையும் கேட்டு வைக்கவில்லை.

"அந்த முனையில ஒரு குஞ்சுகூடப் பொரிக்கல. அவனும் போயிட்டான்," என்றார் செய்கு அலாவுதீன். குரலில் கோபம்கூட இல்லை, அலுப்புதான் இருந்தது. "விசா கிடைக்கலங்கிறது அவமானமே இல்ல, உமாபதி. நாலு பேர் முன்னாடி நம்ம பவுசைக் காப்பாத்திக்க, நம்மள நம்பினவன் சோத்துல மண்ணள்ளிப் போடுறோம் பாருங்க, அதுதான் அவமானம். போங்க. வீட்டுல போய்ச் சொல்லுங்க."