பச்சைமலையில் பற்றிய தீ

திருச்சி கே.கே. நகரிலிருந்து பைக்கில் கிளம்பி, துறையூர் தாண்டி, மாதவனும் வைஷ்ணவியும் பச்சைமலை ஏறியபோது மணி பத்து. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் இருவரும் சேர்ந்து பார்க்க வந்த முதல் மலை. பங்குனி வெயிலில் மூங்கில்கூடக் காய்ந்து கிடந்தது. காட்டுக்குள் தீ மூட்டாதீர்கள் என்ற வனத்துறைப் பலகையை இருவருமே படித்தார்கள்.

பாறை மேட்டில் உட்கார்ந்ததும் மாதவன் கையடக்க கேஸ் அடுப்பை எடுத்தான். "ஒரு டீ மட்டும்தானே" என்றான். பால் கொதிப்பதற்குள் காற்று வேகமெடுத்தது. அடுப்பு சரிந்து பக்கத்துப் புல் பற்றிக்கொண்டது. மிதித்தான், தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்தான். தீ அதற்குள் சரிவில் ஏறிவிட்டது.

புகையைப் பார்த்து மலையூர்க்காரர்கள் ஓடி வந்தார்கள். பொன்னுத்தாய் என்ற பெண் ஒரு பச்சைக் கிளையை ஒடித்து அவன் கையில் திணித்தாள்.

"நின்னு பாக்காதீங்க. அடிங்க."

ஒரு மணி நேரம் அடித்தார்கள். தீ அடங்கியபோது சரிவில் இருந்த அவளுடைய நெல்லி மரங்கள் பதினொன்று கருகி நின்றன. அவள் முழங்கையில் தோல் உரிந்திருந்தது.

வனக்காவலர் வந்தார். "யாரு வச்சது?"

"நாங்க வரும்போதே எரிஞ்சுக்கிட்டிருந்தது சார்" என்றாள் வைஷ்ணவி சட்டென்று.

காவலர், தீயணைக்க வந்தவர்களோடு நின்ற ஆடு மேய்க்கும் கிழவர் பெரியண்ணன் பக்கம் திரும்பினார். "பீடி பிடிச்சியா?"

"இல்லீங்க." கிழவர் அதையே மூன்று முறை சொன்னார். காவலர் நம்பியதாகத் தெரியவில்லை.

மாதவன் முன்னால் வந்தான். "அவர் இல்லை சார். என் அடுப்புதான்" என்றான். மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை.

காவலர் அடுப்பைப் பறிமுதல் செய்து, பெயர், விலாசம் எழுதிக்கொண்டார். மாதவன் மன்னிப்புக் கேட்டபோது பொன்னுத்தாய் திட்டவில்லை. மரங்களைப் பார்த்தபடியே, "நீங்க போங்க" என்றாள்.

இருவரும் மலை இறங்கினார்கள். துறையூரில் பெட்ரோல் போட நின்றபோதுதான் வைஷ்ணவி வாய் திறந்தாள்.

"ஏன் அப்படிச் சொன்னேன்னே தெரியலைங்க. அந்தப் பெரியவர் தலையில விடியும்னு நினைக்கல."

"நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். நீ முந்திக்கிட்ட, அவ்வளவுதான்."

பெட்ரோலுக்குப் பணம் கொடுத்துவிட்டு, "வர்ற சனிக்கிழமை ரேஞ்சர் ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்காங்க" என்றான்.

"நானும் வரேன்" என்றாள் அவள். "அப்படியே மலைக்குப் போய் அந்தம்மாவையும் அந்தப் பெரியவரையும் பார்க்கணும்."