அழித்துக் கொடுத்த குரல்

சினிமாவில் என் வேலை சத்தத்தை அழிப்பது. நடிகர்கள் பேசும்போது பின்னால் கேட்கும் மின்விசிறி, நாய், லாரி எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் பேச்சை மட்டும் மிச்சம் வைப்பேன். ஸ்டுடியோவில் எனக்குத் ‘துடைப்பம்’ என்று பட்டப்பெயர். கேட்டால் எரிச்சல் வரும். பொருத்தமான பெயர்தான், என்ன செய்ய?

என் மனைவிக்கு இரண்டு வருடமாகச் சமையலறைச் சுவருக்குள் ஒரு பெண் பேசுவது கேட்கிறது. வாய்க்கு வந்தபடி இவளைத் திட்டுவாளாம். டாக்டர் கொடுத்த மாத்திரையில் திட்டு அடங்கியது, ஆனால் கை நடுங்கியது. குரல் முழுக்க நிற்கவும் இல்லை. டாக்டர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டார்.

“கேக்குதுன்னு அவங்க சொன்னா சண்டை போடாதீங்க. உங்களுக்கும் கேக்குதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க.”

சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட கை காய, காதைப் பொத்திக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள்.

“ஏங்க, ஊரு சத்தத்தையெல்லாம் அழிக்கிறீங்க. எனக்காக இந்த ஒண்ண அழிக்க மாட்டீங்களா?”

மைக்கைச் சுவரோரம் நிறுத்தி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் பதிவு செய்தேன். குழாய் சொட்டியது. வேறு ஒன்றுமில்லை. கம்ப்யூட்டரில் எதையோ தட்டிவிட்டு, “அழிச்சாச்சு,” என்றேன்.

“அப்போ உங்களுக்கும் கேட்டுச்சா?”

“கேட்டுச்சு. இனிமே கேக்காது.”

சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக இன்னும் நூறு பொய் சொல்லியிருப்பேன்.

ஐந்து வாரம் வீடு வீடாக இருந்தது. குழம்பைத் தாளிக்கும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். கை நடுக்கம்கூட நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று ஒரு நிமிடம் யோசித்தேனா? மரமண்டை! ஸ்டுடியோவிலிருந்து நான் திரும்பிய ஒரு சாயங்காலம், அவள் சுத்தியலால் சமையலறைச் சுவரை உடைத்துக்கொண்டிருந்தாள். விரலெல்லாம் ரத்தம். ஐந்து வார மாத்திரைகளும் மாவு டப்பாவுக்குள் கிடந்தன.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளிடம் கேட்டார், “மாத்திரையை ஏம்மா நிறுத்துனீங்க?”

“சுவத்துக்குள்ள நெஜமாவே ஆள் இருந்தா நான் எதுக்கு டாக்டர் மாத்திரை போடணும்? இவரே கேட்டாரே. இவருக்குச் சோறு போடுறதே அந்தக் காதுதான். தப்பா கேக்குமா?”

டாக்டர் என் பக்கம் திரும்பினார். கட்டிலோரம் உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

“எனக்கு எதுவும் கேக்கலம்மா. உன்ன சமாதானப்படுத்தப் பொய் சொன்னேன். அங்க யாருமே இல்ல.”

கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. அவள் கண்ணில் பயம் வந்தது, என்னை நினைத்து. கட்டுப்போட்ட கையால் என் காதைத் தடவினாள்.

“உங்களையும் மிரட்டிட்டாளா?” என்றாள் மெதுவாக. “பயப்படாதீங்க. நான் இருக்கேன்ல.”