யூசுப்புக்கு இடது பக்கம்

குவைத்திலிருந்து வந்த மூன்றாம் நாள் காலை, கண்ணகி மகளுக்குக் கஞ்சி ஊட்ட உட்கார்ந்தாள். சந்தியாவுக்குப் பதினான்கு வயது. பிறவியிலேயே கைகால் விளங்காது, பேச்சும் இல்லை. ஐந்து வருடமாக அவளைத் தூக்கி, குளிப்பாட்டி, ஊட்டியதெல்லாம் அப்பன் கந்தசாமிதான். அதற்காகக் கரும்பு வெட்டப் போவதையும் விட்டுவிட்டான். அந்த ஐந்து வருடமும் கண்ணகி ஓர் அரபு வீட்டில், இதே போல் படுக்கையில் கிடந்த யூசுப் என்ற பையனைப் பார்த்துக்கொண்டாள். அந்தச் சம்பளத்தில்தான் மணலூர்பேட்டையில் இந்த வீடு ஓடியது.

திரும்பி வருவாளா, இல்லையா என்று அந்த வீட்டு மேடத்துக்கு இன்றைக்குள் சொல்லியாக வேண்டும். போவதில்லை என்று விமானத்திலேயே முடிவு செய்திருந்தாள்.

மகளின் தலையைக் கையில் ஏந்தி, வாயின் இடது ஓரத்தில் கரண்டியைச் சரித்தாள். சந்தியாவுக்குப் புரையேறியது. கஞ்சி மூக்கில் வந்தது, கண் சொருகியது. கந்தசாமி ஓடிவந்து மகளைக் கவிழ்த்து முதுகைத் தட்டினான். மூச்சு வந்த பிறகுதான் பேசினான்.

"இதுக்கு வலது பக்கம்தான் முழுங்க வரும். இடது பக்கம் யாருக்கு?"

கண்ணகி மகளின் முகத்தில் வழிந்த கஞ்சியைத் துடைத்தாள்.

"நான் போயிடட்டுமா? நீங்க பாத்தாத்தான் அது உசுரோட இருக்கும்போல."

கந்தசாமி சுவரைப் பிடித்து எழுந்தான். "எனக்கு இடுப்பு போயி ரெண்டு வருசமாவுது. உங்கிட்ட சொல்லல. அதுவும் வயசுக்கு வந்துட்ச்சி. அப்பன் துணி மாத்தறான்னு கண்ண மூடிக்கினு கெடக்குது. அதுக்கப்புறம் உன் இஷ்டம்."

சற்று நேரத்தில் மேடமே அழைத்தாள். புதிதாக வந்தவள் கையால் யூசுப் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லையாம். இடது பக்கம், சின்னக் கரண்டி, தொண்டை அசைகிறவரை அடுத்த வாய் கொடுக்கக் கூடாது என்று கண்ணகி தனக்குத் தெரிந்த அரபியில் சொன்னாள். பிறகு, தான் வரவில்லை என்றாள். மேடம் கெஞ்சுவாள், இல்லையென்றால் திட்டுவாள் என்று காத்திருந்தாள். கரண்டி விஷயத்தை இன்னொரு தரம் மெதுவாகச் சொல்லச் சொன்னாள் மேடம். எழுதிக்கொள்கிறாளாம்.

கண்ணகி மகளின் வலது பக்கமாக வந்து உட்கார்ந்தாள். சந்தியா வாயை இறுக மூடிக்கொண்டு அப்பனைத் தேடினாள். கந்தசாமி அவள் கண்ணுக்கு எட்டாதபடி வெளியே போய்க் குந்திக்கொண்டான். கஞ்சி ஆறி ஆடை கட்டியது. கண்ணகி கரண்டியைக் கீழே வைக்கவில்லை.